காசநோய்க்கு மாத்திரை மட்டும் போதுமா?

போன இதழில் நீரிழிவு பற்றி எழுதியபோது, சர்க்கரை உள்ளவர்களுக்குக் காசநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகம் என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். அந்த ஒரு வரிக்குத்தான் இந்த முறை அதிகக் கடிதங்கள். எல்லோருமே பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்கள். டி.பி. என்றால் இன்னமும் அக்கம்பக்கம் என்ன சொல்லுமோ என்ற பயம் இருக்கிறது, எனக்குப் புரிகிறது. அதனால் ஊர் பெயர் மட்டும் போட்டிருக்கிறேன். நெஞ்சகநோய் வார்டிலேயே பணிக்காலம் முழுவதையும் கழித்தவள் என்பதால், இந்த இதழை இந்த ஒரு நோய்க்கே ஒதுக்கிவிட்டேன்.

என் வீட்டுக்காரருக்கு 44 வயது. தோல் ஷாப்பில் வேலை. சளியில் டி.பி. இருக்கிறது என்று மூன்று வாரமாக மாத்திரை சாப்பிடுகிறார். உயரம் 165 செ.மீ., எடை 42 கிலோ. "நல்லா சாப்பிடச் சொல்லுங்க" என்கிறார் நர்ஸ். முட்டை சூடு, தயிர் சளி என்கிறார் மாமியார். நான் என்னதான் கொடுப்பது? இரண்டு பிள்ளைகளுக்கும் ஒட்டிக்கொள்ளுமா? (ஆம்பூர்)

உயரத்தையும் எடையையும் எழுதி அனுப்பினீர்களே அம்மா, அதற்கே உங்களுக்கு நன்றி. முக்கியமான விஷயம் அதில்தான் இருக்கிறது. கிலோவில் உள்ள எடையை மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது பி.எம்.ஐ. உங்கள் வீட்டுக்காரருக்கு அது 15.4. குறைந்தது 18.5 இருக்க வேண்டும், அதாவது இவர் 50 கிலோவைத் தாண்டியிருக்க வேண்டும். 16க்குக் கீழே போனால் கடுமையான ஊட்டக்குறைவு என்று கணக்கு. காசநோய் எடையைக் குறைக்கும், எடை குறைந்த உடம்பில் காசநோய் இன்னும் வேகமாகப் பரவும். இரண்டையும் சேர்த்தே பார்த்தாக வேண்டும்.

ஜார்க்கண்டில் நடந்த ஒரு ஆராய்ச்சியைச் சொல்கிறேன். 2019 ஆகஸ்டில் தொடங்கினார்கள், பெயர் 'ரேஷன்ஸ்'. மங்களூரில் பணியாற்றும் டாக்டர்கள் அனுராக் பார்கவா, மாதவி பார்கவா தம்பதியும் நம் சென்னை சேத்துப்பட்டில் இருக்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து செய்தது. நான்கு மாவட்டம், 2,800 நோயாளிகள். குடும்பங்களில் பெரும்பாலானவை ஆதிவாசிக் குடும்பங்கள். சேரும்போதே நோயாளிகளில் நூற்றுக்கு 82 பேர் ஊட்டக்குறைவில் இருந்தார்கள். ஏறக்குறைய பாதிப் பேர் உங்கள் கணவரைப் போல 16க்கும் கீழே.

நோயாளிகள் எல்லோருக்கும் மாதாமாதம் 10 கிலோ உணவுப் பொருள் கொடுத்தார்கள்: அரிசி, பருப்பு, பால் பவுடர், எண்ணெய், கூடவே வைட்டமின் மாத்திரை. நாளொன்றுக்குக் கூடுதலாக 1,200 கலோரி, 52 கிராம் புரதம் என்று கணக்குப் போட்டுத் தந்தது. இரண்டு மாதத்தில் எடை 5 சதவீதம் ஏறியவர்களுக்கு, ஏறாதவர்களைவிட இறக்கும் அபாயம் 61 சதவீதம் குறைவாக இருந்தது. எடை ஏறாதவர்களில் நோய் முற்றியவர்களும் இருப்பார்கள், எனவே இது முழுக்கச் சாப்பாட்டால் வந்தது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் எடை ஏறுகிறதா இல்லையா என்று பார்ப்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கு இதைவிட வேறு ஆதாரம் வேண்டாம். 42 கிலோவில் 5 சதவீதம் என்றால் 2 கிலோ சொச்சம். முதல் இரண்டு மாதத்தில் உங்கள் குறி அதுதான்.

சரி, என்ன கொடுப்பது? ஆம்பூர் கடைத்தெருவில் கிடைப்பதே போதும். இரண்டு முட்டை, ஒரு டம்ளர் பால், 50 கிராம் நிலக்கடலை, 50 கிராம் பொட்டுக்கடலை, 50 கிராம் துவரம்பருப்பு. இவ்வளவும் சேர்ந்தால் 50 கிராம் புரதம் வந்துவிடும். அவர் வழக்கமாகச் சாப்பிடும் சாப்பாட்டுக்கு மேல் இது. முட்டையால் சூடும் இல்லை, தயிரால் சளியும் இல்லை என்று மாமியாரிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள். டப்பா டப்பாவாக விற்கும் விலை உயர்ந்த புரதப் பவுடரை வாங்கிக் காசைக் கரைக்காதீர்கள். பசி இல்லை என்பார், உண்மைதான், முதல் சில வாரம் பசி இருக்காது. மூன்று வேளையாக இல்லாமல் ஆறு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். கடலையை வறுத்துப் பொடித்து வெல்லம் சேர்த்து உருண்டை பிடித்து அவர் பக்கத்தில் வையுங்கள்.

வாரம் ஒரு தடவை, ஒரே மெஷினில், செருப்பைக் கழற்றிவிட்டு, சட்டைப் பையில் இருக்கும் போனை எடுத்துவிட்டு எடை பார்த்து நோட்டில் எழுதுங்கள். இன்னொரு காரணத்துக்காகவும் இது தேவை. டி.பி. மாத்திரையின் எண்ணிக்கை எடையை வைத்துத்தான். 35 முதல் 49 கிலோ வரை நாளைக்கு மூன்று, 50 ஆனால் நான்கு. எடை ஏறிய பிறகும் பழைய எண்ணிக்கையிலேயே ஓடிக்கொண்டிருப்பவர்களை வார்டில் நிறையப் பார்த்திருக்கிறேன்.

பிள்ளைகள் விஷயம். தட்டு, டம்ளர், துணி வழியாக இது பரவாது, தனித் தட்டு வைத்து அவர் மனதை நோகடிக்க வேண்டாம். இருமும்போது காற்றில்தான் பரவும். மாத்திரையைச் சரியாகச் சாப்பிட ஆரம்பித்த சில வாரங்களில் பரப்பும் தன்மை வெகுவாகக் குறைந்துவிடும். அதுவரை ஜன்னலைத் திறந்து வையுங்கள், அவர் மாஸ்க் போடட்டும். ஆனால் இத்தனை மாதம் ஒரே அறையில் படுத்தவர்கள் நீங்கள். அதனால் பிள்ளைகள், நீங்கள், மாமியார் எல்லோருமே ஒரு தடவை எக்ஸ்ரே எடுத்துக்கொள்ளுங்கள். நோய் இல்லை என்றால் தடுப்பு மாத்திரை கேட்டு வாங்குங்கள். வாரம் ஒரு நாள் என்று 12 வாரம் சாப்பிடுவது ஒன்று, தினமும் ஆறு மாதம் சாப்பிடுவது இன்னொன்று. முன்பு சின்னக் குழந்தைகளுக்கு மட்டும் கொடுத்தார்கள். 2021 முதல் வீட்டில் உள்ள எல்லோருக்கும் உண்டு.

அதே ஜார்க்கண்ட் ஆராய்ச்சியில் வீட்டாரையும் பார்த்தார்கள். ஒரு பாதி குடும்பங்களில் ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ பருப்பு, பிள்ளைகளுக்கு அதில் பாதி. மறு பாதிக் குடும்பங்களில் நோயாளிக்கு மட்டும். சாப்பாடு கிடைத்த வீடுகளில் 5,621 பேரில் 96 பேருக்கு நோய் வந்தது. கிடைக்காத வீடுகளில் 4,724 பேரில் 122 பேருக்கு. எல்லாக் கணக்கும் பார்த்து 39 சதவீதம் குறைவு என்று 2023 ஆகஸ்டில் லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். தடுப்பூசி இல்லை, புது மருந்து இல்லை, அரிசியும் பருப்பும்! எனக்குத் தெரிந்து இந்த நோயில் இத்தனை பெரிய செய்தி சமீபத்தில் வேறு இல்லை. ஆகவே முட்டை அவருக்கு மட்டும் என்று வைத்துவிட்டு நீங்கள் மோர்ச்சோறோடு எழுந்துவிடாதீர்கள்.

மாத்திரை ஆரம்பித்ததிலிருந்து அப்பாவுக்குச் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகிறது. ரத்தமா? (திண்டுக்கல்)

இல்லை. ரிஃபாம்பிசின் என்ற மருந்தின் நிறம் அது. வியர்வையிலும் கண்ணீரிலும்கூட வரும், பயம் இல்லை. ஆனால் கண் மஞ்சளானால், சாப்பாட்டைப் பார்த்தாலே குமட்டினால், விடாமல் வாந்தி எடுத்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். கல்லீரல் பாதிப்பாக இருக்கலாம். அவர் குடிப்பவர் என்றால் இந்த ஆறு மாதம் கட்டாயம் நிறுத்தியாக வேண்டும்.

என் சின்ன வயதில் டி.பி. என்றால் தாம்பரம் சானடோரியத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். என் சித்தப்பா அங்கே ஒரு வருடம் இருந்தார், பாலும் முட்டையும் கறியுமாகக் கொடுத்தார்கள். இப்போது கையில் மாத்திரையைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்புகிறார்கள். இது சிக்கனமா, சிகிச்சையா? (பல்லாவரம், ஓய்வுபெற்ற ஆசிரியர்)

சிகிச்சைதான் ஐயா. உலகம் முழுக்க இந்த நோய்க்கு வீட்டிலேயே வைத்து மருந்து கொடுக்கலாம் என்று நிரூபித்த இடம் நம் சென்னை. 1956இல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கினார்கள். நான் மேலே சொன்ன ஆராய்ச்சி நிறுவனத்தின் முதல் வடிவம் அது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உலக சுகாதார நிறுவனம், பிரிட்டன் மருத்துவ ஆராய்ச்சிக் குழு, அன்றைய சென்னை மாநில அரசு எல்லோரும் சேர்ந்து நடத்தினார்கள். தலைமை வாலஸ் ஃபாக்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர்.

193 நோயாளிகள். எல்லோருக்கும் ஒரே சிகிச்சை, ஐசோனியாசிட், பாஸ் என்ற இரண்டு மருந்து, ஒரு வருடம். பாதிப் பேர் சானடோரியத்தில், உங்கள் சித்தப்பாவைப் போல ஓய்வும் நல்ல காற்றும் நல்ல சாப்பாடுமாக. பாதிப் பேர் நகரத்தின் நெரிசலான வீடுகளில், கிடைத்ததைச் சாப்பிட்டுக்கொண்டு. வருட முடிவில் சானடோரியத்தில் 92 சதவீதம் பேர் குணமானார்கள், வீட்டில் 86 சதவீதம் பேர். வீட்டில் இருந்தவர்களால் குடும்பத்தாருக்குக் கூடுதலாக நோய் பரவவும் இல்லை. 1959இல் முடிவு வெளிவந்தது. அதற்குப் பிறகுதான் உலகெங்கும் சானடோரியங்களின் தேவையே குறைந்தது. ஏழை நாடுகளில் கட்டில் இல்லாமல் காத்துக்கிடந்த லட்சக்கணக்கானவர்களுக்கு மருந்து கிடைத்தது இதனால்தான்.

ஆனால் உங்கள் கேள்விக்குள் இன்னொரு கேள்வி இருக்கிறது. அந்தப் பாலும் முட்டையும் என்ன ஆயிற்று? எடை அதிகம் ஏறியது சானடோரியத்தில் இருந்தவர்களுக்குத்தான். ஆனாலும் குணமாவதில் பெரிய வித்தியாசம் இல்லாததால், மருந்து ஒழுங்காகப் போனால் போதும், சாப்பாடு முக்கியமில்லை என்று ஒரு பாடம் நிலைத்துவிட்டது. நாங்கள் படித்த பாடப்புத்தகங்களிலும் அப்படித்தான். அந்த ஆராய்ச்சி கேட்ட கேள்வி, வீட்டில் வைத்து மருந்து கொடுக்கலாமா என்பது. அதற்குப் பதில் சரியாகவே கிடைத்தது. 35 கிலோவில் வந்து படுக்கிறவர் பிழைப்பாரா, அவர் மனைவிக்கு அடுத்த வருடம் நோய் வருமா என்பது வேறு கேள்வி. அதே சேத்துப்பட்டு நிறுவனம் அறுபது வருடம் கழித்து ஜார்க்கண்டில் போய் அந்த இரண்டாவது கேள்வியில் பங்கெடுத்தது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. இவ்வளவு தாமதம் ஆகியிருக்க வேண்டாம் என்ற வருத்தமும் உண்டு.

என் அண்ணன் டி.பி. மாத்திரை ஆரம்பித்து மூன்றாவது வாரத்தில் இறந்துவிட்டார். எலும்பும் தோலுமாக இருந்தார், எழுந்து நிற்கக்கூட முடியவில்லை. அந்த மாத்திரைதான் கொன்றது என்கிறார்கள் உறவினர்கள். உண்மையா? (திருநெல்வேலி)

உங்கள் இழப்புக்கு வருந்துகிறேன் தம்பி. மாத்திரை கொன்றது என்று நினைத்து நீங்கள் வேதனைப்பட வேண்டாம். காசநோயில் இறப்பவர்களில் பெரும்பாலோர் சிகிச்சையின் முதல் இரண்டு மாதத்துக்குள் இறக்கிறார்கள். மருந்து வேலை செய்யத் தொடங்குவதற்குள் உடம்பு தாங்காமல் போய்விடுகிறது. எழுந்து நிற்க முடியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அது வெறும் களைப்பு இல்லை, அந்த நிலையில் உள்ளவருக்குத் தேவை மருத்துவமனைக் கட்டில்.

இதற்காகவே தமிழ்நாட்டில் 2022 ஏப்ரலில் ஒரு திட்டம் வந்தது: காசநோய் இறப்பில்லாத் திட்டம். சென்னையில் உள்ள தேசிய தொற்றுநோயியல் நிறுவனமும் மாநிலக் காசநோய்ப் பிரிவும் சேர்ந்து வடிவமைத்தது. நோய் உறுதியான உடனே சுகாதாரப் பணியாளர் சில விஷயங்களைப் பார்க்க வேண்டும். உயரம், எடை பார்த்து பி.எம்.ஐ. 14க்குக் கீழே இருக்கிறதா? காலில் வீக்கம் உண்டா? நிமிடத்துக்கு 24 தடவைக்கு மேல் மூச்சு வாங்குகிறதா? விரலில் மாட்டும் கருவியில் ஆக்சிஜன் 94க்குக் குறைகிறதா? பிடிமானம் இல்லாமல் நிற்க முடிகிறதா? இதில் ஆபத்து தெரிந்தால் வீட்டுக்கு அனுப்பாமல் மருத்துவமனையில் சேர்த்து, டாக்டர் முழுமையாகப் பரிசோதிக்க வேண்டும்.

ரத்தப் பரிசோதனை வேண்டாம், ஸ்கேன் வேண்டாம். ஒரு தராசு, ஒரு சுவர் அளவுகோல், கடிகாரம், விரல் கருவி. ஐந்து நிமிட வேலை. வார்டில் சேர்த்த பிறகும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இவ்வளவு மெலிந்தவருக்கு எடுத்த எடுப்பில் தட்டு நிறையச் சோறு வைப்பதும் ஆபத்து. ரத்தத்தில் தாது உப்புகள் சட்டென்று இறங்கி இதயம் தடுமாறும். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏற்ற வேண்டும், அதனால்தான் கட்டில் வேண்டும் என்கிறேன். இந்தத் திட்டத்தை மாநிலம் முழுக்கச் செய்ய முடியும் என்று தமிழ்நாடு காட்டியிருக்கிறது. மற்ற மாநிலங்களும் எடுத்துச் செய்ய வேண்டும்.

இதைப் படிப்பவர்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், நிற்கச் சொல்லிப் பாருங்கள். முடியவில்லை என்றால் அடுத்த ஓ.பி. நாள்வரை காத்திருக்காதீர்கள்.

அண்ணிக்கு எம்.டி.ஆர். டி.பி., அதாவது வழக்கமான மருந்துகளுக்குக் கட்டுப்படாத வகை. ஒன்றரை வருடம் மருந்து, தினம் ஊசி, காது கேட்காமல் போகும் என்று பயமுறுத்துகிறார்கள். ஆறு மாத மருந்து வந்துவிட்டதாமே? (கோவை)

வந்துவிட்டது. பெடாக்விலின், பிரெட்டோமனிட், லினிசோலிட், மாக்சிஃப்ளாக்சசின் என்று நான்கு மருந்து, எல்லாம் மாத்திரை, ஊசி இல்லை. உஸ்பெகிஸ்தான், பெலாரஸ், தென்னாப்பிரிக்கா மூன்று நாடுகளில் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு நடத்திய ஆராய்ச்சியில், இந்த மருந்தில் 89 சதவீதம் பேருக்கு நல்ல பலன். பழைய முறையில் 52 சதவீதம்தான். 2022இல் உலக சுகாதார நிறுவனம் ஏற்றது. 2024 செப்டம்பரில் மத்திய அரசு அனுமதித்தது. 14 வயதுக்கு மேற்பட்ட, கர்ப்பமாக இல்லாதவர்களுக்குக் கொடுக்கிறார்கள். அண்ணிக்குப் பொருந்துமா என்று மாவட்டக் காசநோய் மையத்தில் கேளுங்கள். லினிசோலிட் கால் எரிச்சல், ரத்தசோகை, பார்வை மங்கல் கொண்டுவரும். இதில் ஒன்று தெரிந்தாலும் உடனே சொல்ல வேண்டும். அந்த மருந்தின் அளவை 600 மில்லிகிராமிலிருந்து 300 ஆக இடையில் குறைத்தால் என்ன ஆகும் என்றும் சேத்துப்பட்டு நிறுவனம் ஆராய்ந்திருக்கிறது.

காது கேட்காமல் போனது பழைய ஊசிகளால். அப்படிக் கேட்கும் திறனை இழந்தவர்களில் ஒருவர் மும்பையின் நந்திதா வெங்கடேசன். தென்னாப்பிரிக்காவின் பூமேசா திசிலேவும் அப்படி இழந்தவர். பெடாக்விலினுக்கு இந்தியாவில் காப்புரிமையை நீட்டிக்க ஜான்சன் அண்ட் ஜான்சன் விண்ணப்பித்தபோது, இந்த இரண்டு பெண்களும் எதிர்த்து மனு போட்டார்கள். 2023 மார்ச்சில் காப்புரிமை அலுவலகம் அந்த விண்ணப்பத்தை நிராகரித்தது. அந்த வருடம் ஜூலையில் பழைய காப்புரிமை முடிந்ததும் மற்ற நிறுவனங்கள் தயாரிக்க வழி திறந்தது. உங்கள் அண்ணிக்கு இலவசமாகக் கிடைக்கும் மாத்திரைக்குப் பின்னால் அவர்கள் இருவரும் இருக்கிறார்கள்.

பெரியவர்களுக்கும் பி.சி.ஜி. ஊசி போடலாமா? (மதுரை)

பிறந்தவுடன் போடும் பி.சி.ஜி. குழந்தைகளை மூளைக்காய்ச்சல் வகை காசநோயிலிருந்து காக்கிறது, அதைத் தவறவிடக் கூடாது. பெரியவர்களுக்கு என்ன செய்கிறது என்று 1968 முதல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் மிகப் பெரிய ஆராய்ச்சி நடந்தது. நுரையீரல் காசநோயிலிருந்து பெரியவர்களைக் காக்கவில்லை என்பதே அதன் முடிவு. 2024இல் பல மாநிலங்களில் முதியவர்கள், சர்க்கரை உள்ளவர்கள், முன்பு நோய் வந்தவர்கள் போன்றோருக்கு மறுபடி போட்டு ஆராயத் தொடங்கினார்கள். முடிவு வரட்டும், நீங்களாகப் போய்ப் போட்டுக்கொள்ள வேண்டாம். எம்72 என்ற புதுத் தடுப்பூசி, முந்தைய கட்ட ஆராய்ச்சியில் ஏறக்குறைய 50 சதவீதம் காத்தது. 2024 மார்ச்சில் தென்னாப்பிரிக்காவில் அதன் கடைசிக் கட்டச் சோதனை தொடங்கியது, 20,000 பேர் வரை சேர்ப்பதாகத் திட்டம். ஆவலோடு பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

2025க்குள் காசநோயை ஒழிப்போம் என்றார்களே, ஏன் நடக்கவில்லை? அப்புறம், மாதம் 1,000 ரூபாய் வரும் என்றார்கள், எனக்கு இன்னும் வரவில்லை. (தஞ்சாவூர்)

ஒழியவில்லை. 2015இல் லட்சம் பேருக்கு 237 பேர் என்று இருந்தது 2023இல் 195 ஆனது. குறைந்திருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அந்த ஆண்டு உலகில் புதிதாக நோய் வந்த நான்கு பேரில் ஒருவர் இந்தியர். மருந்தும் பரிசோதனையும் மட்டும் வைத்துக்கொண்டு இதைவிட வேகமாக நோயைக் குறைக்க முடியாது என்பது என் கருத்து.

2018 ஏப்ரலில் நிக்ஷய் போஷன் என்ற பெயரில் மாதம் 500 ரூபாய் தொடங்கினார்கள். 2024 நவம்பரில் அதை 1,000 ஆக்கினார்கள். எடை குறைந்தவர்களுக்கு முதல் இரண்டு மாதம் சத்துணவும் உண்டு என்றார்கள். நல்ல காரியம். ஆனால் பணம் மூன்றாவது மாதம் வந்தால் யாருக்கு லாபம்? எடை ஏற வேண்டியது முதல் இரண்டு மாதத்தில். வீட்டாருக்கு உணவு தருவதை நிக்ஷய் மித்ரா என்ற பெயரில் கொடையாளிகளிடம் விட்டிருக்கிறார்கள். கொடுக்கும் நல்லவர்களை வணங்குகிறேன். ஆனால் நோயைத் தடுக்கும் என்று நிரூபணமான ஒன்றை ஒருவர் மனம் இரங்கினால் கிடைக்கும் என்று வைக்கக் கூடாது. தடுப்பூசியை யாராவது அப்படி வைப்பார்களா?

தமிழ்நாட்டில் இதற்குப் புதிதாக எதையும் கட்ட வேண்டியதில்லை. தெருவுக்குத் தெரு ரேஷன் கடை இருக்கிறது. அரிசி இலவசமாகவே தருகிறார்கள். துவரம்பருப்பு கார்டுக்கு ஒரு கிலோ, 30 ரூபாய்க்கு. ஜார்க்கண்டில் கொடுத்தது ஆளுக்கு ஒன்றரைக் கிலோ. வீட்டில் நான்கு பெரியவர்கள் என்றால் 6 கிலோ. டி.பி. உறுதியான வீட்டின் கார்டுக்கு ஆறு மாதத்துக்கு அந்த 5 கிலோ வித்தியாசத்தை மட்டும் சேர்த்துக் கொடுங்கள் என்று அரசைக் கேட்கிறேன். கார்டில் நோயின் பெயர் தெரியாமல் செய்யவும் வழி உண்டு.

உங்கள் பணத்துக்கு: ஆதாரும் பாஸ்புக்கும் எடுத்துக்கொண்டு, மாத்திரை வாங்கும் இடத்தில் உள்ள காசநோய் மேற்பார்வையாளரைப் பாருங்கள். சிகிச்சைக்குப் பதிவு செய்தபோது தந்த நிக்ஷய் எண்ணில் உங்கள் வங்கிக் கணக்கு பதிவாகியிருக்கிறதா, அந்தக் கணக்கில் ஆதார் இணைந்திருக்கிறதா என்று அவர் முன்னாலேயே சரிபார்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றில்தான் சிக்கியிருக்கும். தனியார் டாக்டரிடம் சிகிச்சை எடுப்பவர்களுக்கும் இந்தப் பணம் உண்டு, டாக்டர் பதிவு செய்திருக்க வேண்டும். எங்கேயும் பதில் கிடைக்காவிட்டால் 1800-11-6666 என்ற இலவச எண்ணுக்குப் பேசுங்கள். போகும்போது எடையும் பார்த்துவிட்டு, அதை எனக்கு எழுதுங்கள்.